கொங்கணக் கரையில் சொல்லி வைத்த சாப்பாடு

மகாராஷ்டிர மாநிலத்தின் தென்பகுதியில், ரத்னகிரி, சிந்துதுர்க் ஆகிய இரு மாவட்டங்களின் கடலோரச் சாலைகளில் பயணம் செய்வோரின் கண்ணில் ஒரு சிறு பலகை அடிக்கடி படும். தகரத்திலோ மரத்திலோ மராத்தியில் 'கர்குதி கானாவள்' என்று எழுதி, அதன்கீழ் ஒரு கைப்பேசி எண்ணையும் குறித்திருப்பார்கள். வீட்டுச் சாப்பாட்டு மெஸ் என்பது அதன் பொருள். அம்புக்குறி காட்டும் வழியில் சென்றால் உணவகம் என்று சொல்லத்தக்க எதுவும் தென்படாது. தென்னைக்கும் பாக்குக்கும் நடுவே செம்பாறைக் கற்களால் கட்டிய ஓட்டு வீடு ஒன்று இருக்கும். முற்றத்தில் துளசி மாடமும், திண்ணையில் மூன்று நான்கு மேசைகளும் இருக்கும்.

பணி மாற்றலில் இப்பகுதிக்கு வந்த நாங்கள் இரண்டு குடும்பத்தினர், ஆறு பேர். விடுமுறை நாட்களில் ஒரே காரில் இக்கரையோரம் முழுவதையும் சிறிது சிறிதாகச் சுற்றி வந்தோம். தொடக்கத்தில் நாங்களும் எல்லாரையும் போலவே பசி எடுத்த பிறகு கடை தேடினோம். நெடுஞ்சாலையோரத்தில் கிடைத்தவை எந்த ஊரிலும் கிடைக்கும் பன்னீர் மசாலாவும் தந்தூரி ரொட்டியும்தான். கொங்கணத்தின் உண்மையான சமையல் அந்தச் சிறிய பலகைகளுக்குப் பின்னால் இருக்கிறது என்பதையும், அதைப் பெறுவதற்கு ஒரு முறை உண்டு என்பதையும் அறிந்துகொள்ள எங்களுக்குச் சில மாதங்கள் பிடித்தன. இங்கே நல்ல சாப்பாடு பசிக்கும் நேரத்தில் கிடைப்பதில்லை. காலையிலேயே சொல்லி வைக்க வேண்டும். சொல்லி வைத்தால் சொன்ன நேரத்திற்குப் போய்ச் சேரவும் வேண்டும். அந்த இரண்டாவது பாதியை நாங்கள் எவ்வாறு கற்றோம் என்பதையும் இக்கட்டுரையில் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

வீட்டு மெஸ் நடக்கும் விதம்

கானாவள் நடத்துவோர் பெரும்பாலும் பெண்கள். மாமியாரும் மருமகளும், அல்லது தாயும் மகளும் சேர்ந்து சமைப்பார்கள். குளிர்பதனப் பெட்டி இருந்தாலும் அதில் மீனைச் சேர்த்து வைக்கும் வழக்கம் குறைவு. காலையில் படகுத்துறையிலோ, கூடையோடு வாசலுக்கு வரும் மீன்காரப் பெண்ணிடமோ அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குவார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்தால்தான் எவ்வளவு வாங்குவது என்று முடிவு செய்ய முடியும்.

மீன் குழம்பிற்குத் தேங்காயைத் துருவி, மிளகாய், மல்லி, மஞ்சளோடு சேர்த்து அன்றன்றே அரைக்கிறார்கள். புளிப்புக்கு நாம் சேர்க்கும் புளிக்குப் பதிலாகக் கோகம் என்னும் பழத்தின் உலர்ந்த தோலைச் சேர்க்கிறார்கள். நம் குடம்புளி மரத்தின் நெருங்கிய உறவு இந்தக் கோகம் மரம். நாட்டுக்கோழிக் குழம்புடன் 'வடே' என்னும் பண்டத்தைப் பரிமாறுவார்கள். பெயர் வடையைப் போல இருந்தாலும் உருவத்தில் அது பூரி. அரிசியையும் பருப்பு வகைகளையும் வறுத்து அரைத்த மாவைப் பிசைந்து, ஊற வைத்து, தட்டிப் பொரிக்க வேண்டும். நாட்டுக்கோழி வேகவும் நேரமாகும். பகல் ஒரு மணிச் சாப்பாட்டிற்குக் காலை ஒன்பது மணிக்குள் சொல்லுங்கள் என்று அவர்கள் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

சாப்பாட்டைத் 'தாலி' என்னும் தட்டுக் கணக்கில் சொல்வார்கள். வறுத்த மீன் ஒன்று, ஒரு கிண்ணம் குழம்பு, சோறு, அரிசிமாவு பாக்ரி அல்லது சப்பாத்தி, வறுத்த சென்னாக்கூனியும் தேங்காயும் கலந்த ஒரு துவையல், இறுதியில் ஸோல்கடி. தட்டின் விலையை வறுவல் மீன்தான் தீர்மானிக்கிறது. பாங்டா என்று அவர்கள் சொல்லும் அயிலை மீன் தட்டு விலை குறைவு. சுர்மை எனப்படும் வஞ்சிரமும், பாப்லெட் எனப்படும் வாவலும் விலை கூடியவை. அவற்றின் விலை அன்றைய சந்தையைப் பொறுத்து மாறும். ஆகவே சொல்லி வைக்கும்போதே விலையைக் கேட்டுக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

ஸோல்கடியைப் பற்றித் தனியே ஒரு சொல். கோகச் சாற்றையும் தேங்காய்ப் பாலையும் கலந்து, பூண்டும் பச்சை மிளகாயும் நசுக்கிச் சேர்த்த இளஞ்சிவப்பு நிறப் பானம் அது. கடைசிப் பிடி சோற்றில் ஊற்றிப் பிசைந்தும் உண்ணலாம், தனியே குடிக்கவும் செய்யலாம். நம் விருந்தில் ரசமும் மோரும் செய்யும் வேலையை இங்கே இது ஒன்றே செய்கிறது. காரமான குழம்பிற்குப் பிறகு இதைக் குடித்தவர்கள் அடுத்த முறை முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

வடக்கிலிருந்து தெற்கே

தாபோளி வட்டத்திலுள்ள ஹர்ணை, இக்கரையின் பெரிய மீன்பிடி ஊர்களுள் ஒன்று. கடலுக்குள் நிற்கும் சுவர்ணதுர்க் கோட்டையைப் பார்த்தவாறு, மாலை வேளையில் மணலிலேயே மீன் ஏலம் நடக்கும். படகுகளிலிருந்து மீனைக் கரைசேர்க்க மாட்டு வண்டிகள் நீருக்குள் இறங்குவதைக் காணலாம். ஏலம் எடுப்பவர்களில் பெண்கள் மிகுதி. பயணிகளுக்கும் சில்லறையாக விற்பார்கள். தங்கியிருக்கும் வீட்டில் கேட்டுக்கொண்டால், வாங்கி வந்த மீனைக் கூலிக்குச் சமைத்துத் தருவதும் உண்டு. ஆனால் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டுமென்றால் அதையும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

அங்கிருந்து தெற்கே செல்ல இரண்டு கழிகளைக் கடக்க வேண்டும். தாபோள் துறையிலிருந்து தோபாவேக்கும், பின்னர் தவ்சாளிலிருந்து ஜெய்கடுக்கும் கார்களை ஏற்றிச் செல்லும் படகுகள் ஓடுகின்றன. சுற்று வழியில் நெடுஞ்சாலைக்குப் போய்த் திரும்புவதைவிட இது நேரத்தை மிச்சப்படுத்தும். எனினும் ஒரு படகைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க நேரும். சாப்பாட்டு நேரத்தைச் சொல்லும்போது இந்தக் காத்திருப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இரண்டு கழிகளுக்கும் நடுவிலுள்ள குஹாகரும், இரண்டாவது கழிக்குத் தெற்கேயுள்ள கணபதிபுளேயும் சைவ உணவினருக்கு உகந்த ஊர்கள். கணபதிபுளேயில் கோயிலின் வாசலிலேயே கடல். குஹாகரில் ஊர் முழுவதும் பாக்குத் தோட்டங்கள். இங்குள்ள குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் கோயிலுக்கு வருவோருக்கு உணவளித்து வருகின்றன. காலையில் குழைய வடித்த சோற்றில் நெய்யும் 'மேத்கூட்' பொடியும் போட்டுத் தருவார்கள். பருப்பு, அரிசி, வெந்தயம், மசாலாப் பொருட்களை வறுத்து அரைத்த அப்பொடி, நம் வீட்டுப் பருப்புப் பொடியின் தூரத்து உறவு. மதியத்தில் முளைகட்டிய மொச்சைக் குழம்பு, சேம்பிலைக் கூட்டு, பலாப்பிஞ்சுப் பொரியல் ஆகியவை வரும். இனிப்பு, ஆவியில் வெந்த மோதகம். நம் பூரணக் கொழுக்கட்டையேதான். ஆனால் மடிப்புகள் மெல்லியவையாக, நெருக்கமாக இருக்கும். ஒவ்வொன்றையும் கையால் மடிக்க வேண்டியிருப்பதால், எத்தனை மோதகம் வேண்டும் என்ற எண்ணிக்கையையே முன்கூட்டிக் கேட்பார்கள்.

ரத்னகிரியைக் கடந்து விஜயதுர்க் வழியாகத் தெற்கே இறங்கினால் வருவது தேவ்கட். ஹாபுஸ் என்று இங்கே அழைக்கப்படும் அல்போன்ஸா மாம்பழத்தால் அறியப்பட்ட ஊர். ரத்னகிரி, சிந்துதுர்க் உள்ளிட்ட கொங்கண மாவட்டங்களின் அல்போன்ஸாவிற்கு 2018ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. நல்ல பழம் ஏப்ரல், மே மாதங்களில் கிடைக்கும். தோட்டத்து வீடுகளில் வைக்கோலில் அடுக்கிப் பழுக்க வைப்பதை நேரில் பார்த்து வாங்கலாம். அந்த மாதங்களில் மதியச் சாப்பாட்டில் பூரியும் மாம்பழச் சாறும் இடம்பெறும். மாம்பழம் இல்லாத மாதங்களில், சாற்றை வெயிலில் காய வைத்துச் செய்த 'ஆம்பா போளி' கிடைக்கும். நம் மாம்பழத் திரையைப் போன்றது அது.

தேவ்கடுக்குத் தெற்கே குண்கேஷ்வர், ஆச்சரா என்னும் ஊர்களைக் கடந்தால் மால்வண். இந்தச் சமையலுக்கே 'மால்வணி' என்ற பெயரைத் தந்த ஊர். துறையிலிருந்து சிறு படகில் ஏறிச் சென்றால், சத்ரபதி சிவாஜி 1664ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய சிந்துதுர்க் கடற்கோட்டையை அடையலாம். மழைக்காலத்தில் படகுகள் நின்றுவிடும். ஊருக்குள்ளும் அருகிலுள்ள தார்கர்லியிலும் கானாவள்கள் நிறைய. இங்கே மூன்று பண்டங்களைத் தேடிச் சாப்பிடலாம். ஒன்று, திஸ்ர்யா எனப்படும் மட்டியைத் தேங்காயுடன் சுண்ட வைத்த வறுவல். இரண்டாவது, அயிலை மீனைக் கெட்டியான மசாலாவில் வேக வைத்த 'திக்லே'. அதில் திர்ஃபள் என்னும் காட்டுக் காயை நசுக்கிப் போடுவார்கள். நாக்கைச் சற்றே மரக்கச் செய்யும், ஆரஞ்சுத் தோல் மணமுள்ள அந்தக் காயை மென்று தின்னாமல் ஒதுக்கிவிட வேண்டும். மூன்றாவது, காலைச் சிற்றுண்டியான 'காவ்ணே'. நீர்த்த அரிசி மாவை ஊற்றிச் சுடும் மெல்லிய தோசை. தோசை என்றால் சட்னி சாம்பாரையே எண்ணும் நாங்கள், வெல்லம் கலந்த தேங்காய்ப் பாலுடன் அதைக் கொண்டுவந்து வைத்தபோது முதலில் தயங்கினோம். இரண்டாவது தட்டை நாங்களே கேட்டு வாங்கினோம்.

மால்வணுக்குத் தெற்கே வெங்குர்லா, முந்திரி விளையும் ஊர். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, காய்ந்து கெட்டிப்படாத பச்சை முந்திரிப் பருப்பு கிடைக்கும். அதன் தோலை நீக்கித் தேங்காய் மசாலாவில் செய்யும் 'உஸள்' என்னும் குழம்பு, மீன் உண்ணாதவர்களுக்கு இக்கரை அளிக்கும் சிறப்பு விருந்து. பச்சைக் கொட்டையை உடைக்கும்போது வெளிவரும் பால் கையைப் புண்ணாக்கும். உடைத்துக் கொடுக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்கள் அக்குழம்பின் விலை ஏன் கூடுதல் என்று கேட்க மாட்டார்கள்.

அடுத்து வரும் ஷிரோடா, தமிழ் வாசகர்களுக்கு ஒருவகையில் அறிமுகமான ஊர். கா. ஸ்ரீ. ஸ்ரீ. மொழிபெயர்ப்பில் நம் பெற்றோர் தலைமுறை விரும்பிப் படித்த மராத்தி நாவலாசிரியர் வி. ஸ. காண்டேகர், 1920 முதல் 1938 வரை இவ்வூர்ப் பள்ளியில்தான் ஆசிரியராக இருந்தார். 1930ஆம் ஆண்டில் உப்புச் சத்தியாகிரகம் நடந்த ஊரும் இதுவே. சவுக்கு மரங்கள் சூழ்ந்த கடற்கரையிலிருந்து சிறிது தூரத்தில் கோவா எல்லை வந்துவிடும்.

எந்த மாதத்தில், எந்த நாளில்?

கொங்கணக் கரைக்குச் செல்லும் முன் நாட்காட்டியைப் பார்ப்பது அவசியம். தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் இருப்பதுபோல், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் குறைந்தது ஜூலை இறுதி வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. மீன்கள் முட்டையிடும் காலம் அது. கடலும் கொந்தளிப்பாக இருக்கும். அக்காலத்தில் யாரேனும் பெரிய வஞ்சிரத்தைப் பரிமாறினால் அது பெரும்பாலும் பனிக்கட்டியில் கிடந்து வந்ததாகவே இருக்கும்.

அதற்காக மழைக்காலத்தை ஒதுக்க வேண்டியதில்லை. ஆறுகளிலும் வயல்களிலும் பிடிபடும் நண்டு, கழி மீன், கருவாட்டுக் குழம்பு, கொள்ளு மாவைக் கரைத்துக் காய்ச்சும் 'பிட்டி' ஆகியவை அப்போது சிறப்பானவை. முதல் மழைக்குப் பின் முளைக்கும் தகரைக் கீரை முதலிய காட்டுக் கீரைகளைக் கிராமத்துப் பெண்கள் வாரச் சந்தைக்குக் கொண்டு வருவார்கள். வேறெந்தப் பருவத்திலும் அவை கிடைக்கமாட்டா.

மராத்தியரின் சிராவண மாதம் ஏறத்தாழ நம் ஆடி அமாவாசையை ஒட்டித் தொடங்கும். அம்மாதத்தில் பல வீடுகளில் மீனும் இறைச்சியும் சமைக்க மாட்டார்கள். நாம் ஆவணி அவிட்டம் கொண்டாடும் பௌர்ணமியன்று இங்குள்ள மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் படைத்து வணங்குவார்கள். 'நாரளி பௌர்ணிமா' எனப்படும் அந்த நாளுக்குப் பின்பே மீன்பிடி உண்மையில் சூடுபிடிக்கும். அடுத்து விநாயக சதுர்த்தி. மும்பையில் வேலை செய்யும் கொங்கணத்தார் அத்தனை பேரும் ஊர் திரும்பும் காலம் அது. ரயிலில் இடம் கிடைக்காது. வீட்டில் உறவினர் நிறைந்திருப்பதால் பல கானாவள்கள் மூடியிருக்கும். எங்கள் அனுபவத்தில் அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி வரை மீனுக்கும், ஏப்ரல், மே மாதங்கள் மாம்பழத்திற்கும் ஏற்றவை.

வாரத்தின் நாட்களிலும் வேறுபாடு உண்டு. திங்கள், வியாழன், சனிக்கிழமைகளில் பல குடும்பங்கள் அசைவம் உண்பதில்லை. புதன், வெள்ளி, ஞாயிறு ஆகியவை மீன் நாட்கள். உள்ளூர்க்காரர்கள் வாங்கும் நாளில்தான் சந்தைக்கு நல்ல மீன் வரும். நம் ஊரில் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

நாங்கள் செய்த தவறு

சொல்லி வைக்கும் முறையைக் கற்றுக்கொண்ட பெருமையில் இருந்த காலத்தில், ஒரு டிசம்பர் மாதம் விஜயதுர்க் கோட்டையைப் பார்க்கச் சென்றோம். திரும்பும் வழியில் ஆச்சராவுக்கு அருகே ஒரு கிராமத்துக் கானாவளில் ஆறு பேருக்குப் பகல் சாப்பாடு சொல்லியிருந்தோம். நான்கு வஞ்சிரத் தட்டு, குழந்தைகளுக்கு இரண்டு கோழித் தட்டு. ஒரு மணிக்கு வருவோம் என்றோம்.

கோட்டையில் நேரம் போனதே தெரியவில்லை. ஒன்றரை மணிக்குக் குழந்தைகள் பசி என்று அழத் தொடங்கினர். அங்கேயே ஒரு கடையில் கிடைத்ததைச் சாப்பிட்டோம். 'சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்' என்று எல்லாரும் நினைத்தோம். கைப்பேசியில் இணைப்பு இல்லை. இணைப்பு கிடைத்த பிறகு பேச்சு வேறெங்கோ சென்றுவிட்டது. அவரே அழைத்தபோது வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் எடுக்கவில்லை. மாலை ஐந்து மணியளவில் அந்தக் கிராமத்தின் பலகை கண்ணில் பட்ட பிறகுதான் வண்டிக்குள் அமைதி நிலவியது. அப்படியே போய்விடலாமா என்ற எண்ணமும் எங்களுக்கு வராமல் இல்லை. பிறகு வண்டியைத் திருப்பினோம்.

ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மையார் திண்ணையில் அமர்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, "ஜேவ்லாத் கா?" என்றார். சாப்பிட்டீர்களா என்று பொருள். கோபமான சொல் ஒன்றைக் கேட்டிருந்தால்கூட எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். "மன்னியுங்கள், காகூ" என்பதற்கு மேல் எங்களுக்கு மராத்தியில் வார்த்தை வரவில்லை. அங்கே சித்தி, அத்தை வயதுடைய பெண்களைக் காகூ என்றுதான் அழைப்பார்கள். உள்ளே ஆறு தட்டுகள் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தன. இரண்டு மணிக்கு ஒரு குடும்பம் வந்து கேட்டதாகவும், எங்களுக்கென்று வைத்ததை எடுத்துக் கொடுக்க மனமின்றி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் அவருடைய மருமகள் சொன்னார்.

முழுப் பணத்தையும் தர முன்வந்தோம். சாப்பிடாத சாப்பாட்டிற்குப் பணம் வாங்கும் வழக்கமில்லை என்று மறுத்தார். நாங்கள் மீண்டும் வற்புறுத்திய பின் மருமகள் ஒரு கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். மீன், கோழி, தேங்காய், எண்ணெய் என்று அன்றைய செலவு எழுதப்பட்டிருந்தது. மீனுக்கு எதிரே ஒரு சிறு வட்டம். கடனாக வாங்கியது என்பதற்கான அடையாளம் அது. காலையில் மீன்காரப் பெண் மீனைக் கொடுத்துவிட்டுப் போவார். மாலையில் வந்து பணத்தை வாங்கிக்கொள்வார். அந்தப் பணத்தைக் கொண்டுதான் அவரும் மறுநாள் துறையில் ஏலம் எடுப்பார்.

வங்கியில் நாங்கள் நாள்தோறும் நடைமுறை மூலதனம் என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். எத்தனையோ கடன் விண்ணப்பங்களில் அதைக் கணக்கிட்டிருக்கிறோம். அந்த நோட்டில் அது ஒரே ஒரு நாளின் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவ்வீட்டின் மூலதனம் இன்று வரும் விருந்தினர் தரும் பணம். அதுவே மாலையில் மீன்காரருக்குச் செல்கிறது. அதுவே மறுநாள் காலையில் மீனாகத் திரும்பி வருகிறது. ஆறு பேர் வராமல் போனால் நட்டம் ஆறு தட்டுகளோடு முடிவதில்லை. இரண்டு வீடுகளின் மறுநாள் வியாபாரமும் சேர்ந்து தடைப்படும். அன்று செலவுக் கணக்கில் இருந்த தொகையை மட்டுமே அவர் பெற்றுக்கொண்டார். உழைப்பிற்கு எதையும் வாங்கவில்லை. புறப்படும்போது குழந்தைகளின் கையில் ஆளுக்கொரு துண்டு ஆம்பா போளியைக் கொடுத்தார்.

பயணிகள் கவனத்தில் கொள்ள வேண்டியவை

அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் சில வழக்கங்களைக் கைக்கொண்டோம். வாசகர்களுக்கும் அவை பயன்படும் என்று நம்புகிறோம்.

முதலாவது, முந்தைய நாள் மாலையிலோ அன்று காலை ஒன்பது மணிக்குள்ளோ அழைத்து, எத்தனை பேர், சைவமா அசைவமா, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் சொல்லிவிட வேண்டும். 'நல்ல மீன் எதுவோ அதைச் செய்யுங்கள்' என்று சொல்வது, குறிப்பிட்ட மீனைக் கேட்பதைவிட நல்ல பலன் தரும். விலையும் குறையும்.

இரண்டாவது, அவர் கேட்காவிட்டாலும் பாதித் தொகையை முன்பணமாக அனுப்பி வைக்கலாம். யூபிஐ வழியாக அனுப்பும்போது திரையில் தோன்றும் பெயர், நாம் பேசியவருடைய பெயரோ அவர் குடும்பத்தாருடைய பெயரோதானா என்று ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இணையத்தில் எங்கோ கிடைத்த எண்ணை நம்பாமல், பலகையில் உள்ள எண்ணையோ தங்கியிருக்கும் வீட்டார் தரும் எண்ணையோ பயன்படுத்துவது நல்லது. ஒன்றை மறக்க வேண்டாம். பணம் அனுப்புவதற்குத்தான் ரகசிய எண் தேவை. முன்பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி யாரேனும் ரகசிய எண்ணை இடச் சொன்னால், அது மோசடி.

மூன்றாவது, கையில் ரொக்கமும் இருக்கட்டும். கழியோரக் கிராமங்களில் இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும். ஏடிஎம்கள் பெரிய ஊர்களில்தான் உள்ளன. நீண்ட விடுமுறை நாட்களில் அவற்றிலும் பணம் தீர்ந்துவிடும். நூறு, ஐம்பது ரூபாய்த் தாள்களாக வைத்திருந்தால் படகுத்துறையிலும் வாரச் சந்தையிலும் உதவும்.

நான்காவது, வர இயலாமற் போனால் உடனே சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு மணிக்குத் தெரிவித்தால் அவர் வேறொருவருக்குப் பரிமாற வழியுண்டு. இரண்டு மணிக்கு மேல் தெரிவித்துப் பயனில்லை.

ஐந்தாவது, திரும்பும்போது ஏதேனும் வாங்கி வரலாம். கோக உப்புச் சாறு, கோக சர்பத், மால்வணி மசாலா, முந்திரி, காய்ந்த பலாச்சுளைத் தகடு ஆகியவற்றை மகளிர் சுய உதவிக் குழுக்கள் தயாரித்து விற்கின்றன. இத்தகைய குறுந்தொழில்களுக்காக 2020ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில், தனி நபர் தொழிலுக்குத் திட்டச் செலவில் 35 விழுக்காடு, உச்ச அளவாக 10 லட்சம் ரூபாய் வரை, வங்கிக் கடனுடன் இணைந்த மானியம் பெறும் வழி வகுக்கப்பட்டது. கடனும் மானியமும் ஒரு தொழிலைத் தொடங்கத் துணை செய்யும். அதை நிலைநிறுத்துவது வாங்குபவர்களின் கையில்தான் இருக்கிறது.

செல்லும் வழி

1998ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் ரயில் பாதை, இப்பகுதியை மும்பையுடனும் மங்களூருவுடனும் இணைக்கிறது. திருநெல்வேலியிலிருந்தும் கோவையிலிருந்தும் புறப்படும் சில ரயில்கள் இப்பாதையில் செல்கின்றன. ரத்னகிரி, கண்கவ்லி, குடால், சாவந்த்வாடி ஆகியவை முக்கிய நிலையங்கள். எந்த ரயில் எந்த நிலையத்தில் நிற்கும் என்பதை முன்பதிவின்போது பார்த்துக்கொள்ள வேண்டும். குடாலிலிருந்து மால்வண் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவு. வாடகைக் கார்களும் அரசுப் பேருந்துகளும் உண்டு. காரில் செல்வோர் தேசிய நெடுஞ்சாலை 66ஐ விட்டு இறங்கிக் கரையோரச் சாலையில் செல்ல வேண்டும். அகன்ற சாலையில் விரைந்து கோவாவுக்குச் செல்வோருக்கு இந்த ஊர்களின் பெயர்ப் பலகைகள் மட்டுமே கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது.

மறுபடியும் ஆச்சராவுக்கு

அடுத்த ஆண்டு ஜனவரியில் அதே அம்மையாரை அழைத்தோம். பெயரைச் சொல்லத் தயங்கியதால், 'ஆறு பேர்' என்று மட்டும் சொன்னோம். அவர் குரலைக்கொண்டே எங்களை அறிந்துகொண்டார். பாதிப் பணத்தை முந்தைய நாளே அனுப்பிவிட்டோம். பன்னிரண்டே முக்கால் மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டதால், அடுப்பில் இருந்த குழம்பு கொதிக்கும்வரை திண்ணையில் காத்திருந்தோம். மீன்காரப் பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே அமர்ந்திருந்தார். அன்று துறையில் வஞ்சிரம் வரவில்லை. அயிலைதான் கிடைத்தது என்று அவர் வருத்தத்துடன் சொன்னார்.

தேங்காயும் திர்ஃபளும் மணக்கும் குழம்பு, ரவை தூவி வறுத்த அயிலை, சூடான பாக்ரி, ஸோல்கடி. எங்களில் ஒருவரும் வஞ்சிரத்தைப் பற்றிப் பேசவில்லை. கைகழுவிவிட்டு மீதிப் பணத்தைக் கொடுத்தபோது மருமகள் நோட்டை எடுத்து அன்றைய பக்கத்தில் எழுதினார். மீன்காரப் பெண்ணுக்குச் சேர வேண்டியதை எங்கள் கண்முன்னேயே எண்ணிக் கொடுத்துவிட்டு, மீனுக்கு எதிரே இருந்த வட்டத்தை அடித்தார்.

வாசகர்கள் இக்கரைக்குச் செல்லும்போது எந்தக் கானாவளுக்கு வேண்டுமானாலும் செல்லலாம். பலகை சிறிதாக இருந்தாலும் தயங்க வேண்டாம். காலையில் சொல்லி வைத்து, சொன்ன நேரத்திற்குப் போய்ச் சேருங்கள்.